இருபத்தேழாவது பேச்சாளர்

பாடகர் நல்லரத்தினம் 2009 ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இறந்தார். பத்து மணியாவதற்குள் அவருக்கு ஐந்து பட்டங்கள் கிடைத்திருந்தன. உயிரோடு இருந்த அறுபத்தாறு வருஷத்தில் அவருக்குக் கிடைத்தது ஒன்றுதான்: ‘பெல்பொட்டம் நல்லா’. அதைக் கொடுத்தது சனம். மற்ற ஐந்தையும் கொடுத்தது ‘இசைப்பெருந்தகை நல்லரத்தினம் இறுதி மரியாதைக் குழு’. அந்தக் குழுவுக்கு நான் செயலாளர்.

என்னை யாரும் தெரிவு செய்யவில்லை. கலாசாரப் பேரவைத் தலைவர் உதயரூபன் எட்டு மணிக்குத் தொலைபேசியில், “மாஸ்டர், நீங்கதான் செயலாளர். வெள்ளைச் சேட்டோட வாங்க” என்றார். எங்கள் பக்கத்தில் செயலாளர் என்றால் கதிரை எடுப்பிக்கிறவர் என்று பொருள். உதயரூபன் ஓய்வுபெற்ற அதிகாரி. அவருடைய பெயருக்கு முன்னால் வருகிற அடைமொழிகளை அறிவிப்பாளர் வாசித்து முடிப்பதற்குள் அவரே மேடையேறி, தண்ணீரும் குடித்துவிடுவார்.

என்னைக் கூப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிப்பது தவிர, நான் கல்வெட்டு எழுதுகிறவன். கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் ஊர்களில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டில் அமுது கொடுக்கும்போது, வந்தவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். முன்பக்கத்தில் படம், உள்ளே வரலாறு, அதற்குப் பிறகு அழுகைச் செய்யுள். அதுதான் கல்வெட்டு. செய்யுளை எழுதியவரே படத்துக்கு முன்னால் இருந்து இராகம் போட்டு வாசிக்கவும் வேண்டும். வாசிக்கும்போது குடும்பத்துப் பெண்கள் அழவேண்டும். அழாவிட்டால் செய்யுள் சரியில்லை.

சண்டை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்திய இருபத்தைந்து வருஷமும் நாங்கள் செத்தவர்களைக் கெதியாக அடக்கிப் பழகியவர்கள். பந்தல் போட நேரமில்லை, பறை மேளத்துக்கு ஆள் கிடைக்காது, ஊரடங்கு போடுவதற்குள் சுடலையிலிருந்து திரும்பவேண்டும். இப்போது திடீரென்று நேரம் கிடைத்துவிட்டது. பந்தல்காரனும் கிடைத்தான், ஒலிபெருக்கியும் கிடைத்தது. பொருத்தமான ஒரு பிரேதம்தான் இல்லாமல் இருந்தது. நல்லா அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார்.

மறுநாள் செட்டிபாளையத்தில் அவருடைய வீட்டு முற்றத்தில் நாற்பத்தொரு பேச்சாளர்கள். பட்டியல் என் கையில். பெட்டிக்குத் தலைமாட்டில் ஓர் ஆளுயரப் படம். நல்லாவின் பழைய படம் ஒன்றில் ஸ்டூடியோக்காரர்கள் கம்பியூட்டரால் பட்டுச் சால்வை போர்த்தி, நெற்றி நிறைய விபூதியும் பூசியிருந்தார்கள். அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை அக்கா அதை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“இது ஆரு தம்பி?”

“நல்லா அண்ணன்தானே அக்கா.”

“ஓ” என்றார். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது பேச்சாளர் மைக்கைப் பிடித்தபோது, யாரோ என் சட்டையைப் பின்னால் இழுத்தார்கள். திரும்பினேன். மெலிந்த ஒரு முஸ்லிம் பெரியவர், தொப்பி, முழுக்கைச் சட்டை, கக்கத்தில் பெரிய துணிப்பை. காத்தான்குடித் தையல்காரர் உசனார். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஒரு காலத்தில் நல்லாவின் இசைக்குழுவில் பொங்கோஸ் என்ற இரட்டைச் சிறு மேளம் அடித்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“மாஸ்டர், எனக்கொரு ரெண்டு நிமிஷம் தருவீங்களா?”

“பேசப்போறீங்களா காக்கா?”

“பேச்சு இல்ல.”

“அப்ப?”

அவர் பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். “ரெண்டு நிமிஷந்தான் மாஸ்டர். மையத்து எடுக்கிறதுக்கு முந்தி.”

பட்டியலில் காலியாக இருந்த இடத்தில் ‘27. உசனார், காத்தான்குடி’ என்று எழுதிக்கொண்டேன். முன்னால் போட்டிருக்கலாம். ஆனால் முன்னால் இருந்தவர்கள் எல்லாம் தலைவர்கள். தலைவரை வெட்டிவிட்டுத் தையல்காரரைப் போட்டவன் எங்கள் மாவட்டத்தில் பிறகு கதிரைகூட எடுப்பிக்க முடியாது.

எல்லாருக்கும் இரண்டு நிமிஷம் என்றுதான் சொல்லியிருந்தோம். முதலாமவர் இருபது நிமிஷம் பேசினார். ஒன்பதாமவர், தான் கனடாவுக்குப் போனபோது பனியில் சறுக்கி விழுந்ததைச் சொன்னார்; அதில் நல்லா எங்கே வருகிறார் என்று காதைத் தீட்டிக் கேட்டேன், கடைசிவரை வரவில்லை. ஒருவர் நல்லாவைத் தமிழிசையின் காவலர் என்றார். அடுத்தவர் சமாதானத்தின் குரல் என்றார். பதினான்காமவர் பேசிக்கொண்டிருக்கையில் பொலிஸ்காரர் படலையடியில் வந்து நின்று மணிக்கூட்டைக் காட்டினார். ஆறு மணிக்குள் எல்லாம் முடியவேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் இருந்தது. பறை அடித்தது, பெட்டி எழும்பியது, சனம் நகர்ந்தது.

பெட்டிக்குப் பின்னால் நடக்கையில் பார்த்தேன். தெருவோரப் பூவரசின் கீழ் உசனார் காக்கா நின்றார். பை அப்படியே கக்கத்தில். முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்ட ஆளைப் போல நின்றார், அடுத்த பஸ் இல்லாத இடத்தில்.

பேச்சும் இல்லை, மாலையும் இல்லை. பிறகு அந்தப் பைக்குள் என்னதான் இருந்தது? மூன்று நாள் எனக்கு அதே யோசனை.

நாலாம் நாள் குழு கூடியது. உதயரூபன் கல்வெட்டுக்கான கட்டளைகளைச் சொன்னார்.

“பட்டம் அஞ்சும் வரணும். பக்திப் பாட்டுக் கெசட்டு ரெண்டு போட்டவர், அது வரணும். கண்ணகை அம்மனுக்குப் பாடினது கட்டாயம் வரணும்.”

“பெல்பொட்டம்?”

அறைக்குள் யாரோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

“மாஸ்டர்” என்றார் உதயரூபன், “அது இளமைக்காலத்துச் சறுக்கல். ஒரு கலைஞனிர வாழ்வில வாறதுதான். நாமதான் மறைச்சு உதவோணும்.”

அந்தச் சறுக்கலை அறியாதவர்கள் யாரும் எங்கள் மாவட்டத்தில் இருக்கமுடியாது. எழுபத்தைந்து, எழுபத்தாறு அளவில் அந்தப் பாட்டு வானொலியில் நாளுக்கு மூன்று தரம் போனது. மேடையில் அதைப் பாடாமல் நல்லாவை இறங்கவிடமாட்டார்கள்:

பெல்பொட்டம் மாப்பிள்ள வாறாரு – தோணி
பிரளாமப் பாத்தவர ஏத்துங்கோ
கல்யாணம் முடிஞ்சாப்போல் கால்சட்டை வாங்கிக்
கூனி வடிக்கலாம் வாருங்கோ

தோணியில் வாவி கடந்து பெண் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை. அவன் போட்டிருக்கிற காற்சட்டையின் கால் அகலத்தில் கூனி இறால் வடித்தெடுக்கலாம். இவ்வளவுதான் பாட்டு. இதில் தத்துவம் தேடுகிறவன் தோணியிலிருந்து விழுந்துவிடுவான். உதயரூபனுடைய கலியாணப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். அதில் அவர் போட்டிருப்பதிலும் இரண்டு இறாத்தல் கூனி வடிக்கலாம்.

வரலாறு எழுதவேண்டும் என்ற சாக்கில் அடுத்த சனிக்கிழமை காத்தான்குடிக்குப் போனேன். உண்மையில் போனது பைக்காகத்தான்.

உசனார் காக்காவின் தையற்கடை வீட்டோடு சேர்ந்தது. கறுப்பு அபாயாக்கள் வரிசையாகத் தொங்கின. மெசினை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் தள்ளினார்.

“இருங்க மாஸ்டர். அந்தக் காலத்தில இந்த மெசின்லதான் பெல்பொட்டம் அடிச்ச. இருபத்தாறு அங்குலம் கால். இப்ப அபாயா. அகலம் எண்டா எனக்கு எப்பவும் கைவந்த வேலை.”

“காக்கா, அண்டைக்கு என்னால இடம் தர ஏலாமப் போயிட்டு.”

“ஒங்கள்ல பிழையில்ல. பதினாலாவது ஆள் நல்லாப் பேசின. ஆரு அவரு?”

“தெரியாது காக்கா.”

“எனக்கும் தெரியல்ல. நல்லாவுக்கும் தெரிஞ்சிருக்காது.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் எழும்பி உள்ளே போய் அதே பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். திறந்தேன். பொங்கோஸ். இரண்டு கண்ணில் ஒன்றின் தோல் கிழிந்து, உள்ளே வெளிச்சம் தெரிந்தது.

“ஒரு கண் கடலோட போயிட்டு” என்றார்.

அதற்குப் பிறகு அவரைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ‘த்ரீ றோவர்ஸ்’ என்று பெயர் வைத்த மூன்று பேர். நல்லா பாட்டு, உசனார் பொங்கோஸ், கடலோர டச்பார் ஊரின் போர்த்துக்கேய வழிப் பறங்கியர் பொனி அன்ட்ராடோ வயலின். கரடியனாற்றில் பெரிய வயல்கள் வைத்திருந்த போடியார் ஒருவரின் மகன் கலியாணத்துக்குப் பெல்பொட்டம் தைக்கக் கொடுத்து, அளவெடுக்கையில் இன்னும் அகலம், இன்னும் அகலம் என்று நின்றானாம். அவன் போனபின் உசனார் சிரித்துச் சிரித்துச் சொன்னதுதான் அந்த நாலு வரி. பறங்கியர் கலியாண வீடுகளில் ஆடுகிற ஒரு மெட்டைப் பொனி வயலினில் இழுத்தார். நல்லா வாயைத் திறந்தார். அப்படி இந்தக் கடையிலேயே ஒரு பின்நேரத்துக்குள் பாட்டுப் பிறந்திருக்கிறது.

“அப்ப பாட்டு எழுதினது நீங்களா?”

“எழுதல்ல மாஸ்டர், சொன்ன. எழுதினாத்தானே ஆர்ர எண்டு சண்டை வாற.”

“ஒரு பொருத்தம் பேசின நாங்க” என்று தொடர்ந்தார். “கள்ளியங்காட்டில ஒரு கச்சேரி முடிஞ்சு வரக்குள்ள. மூண்டு பேரில ஆரு முந்திப் போறானோ, அவன்ட ஊட்டில மற்ற ரெண்டு பேரும் பெல்பொட்டம் வாசிக்கணும். அழுகிற பாட்டு வாணாம். முப்பத்தொண்டோ, நாப்பதோ, பூசையோ, அவனவன்ட முறைப்படி துக்கம் முடியிறதுக்குள்ள. அல்லாட மேல ஆணையா நானும் சொன்ன.”

“முதல்ல போனது பொனி” என்றேன். எனக்கு அந்த அளவு தெரியும். 2004 மார்கழி இருபத்தாறு, கடல் ஊருக்குள் வந்த நாள்.

“ஓம். மையத்தும் கிடைக்கல்ல. டச்பார்ல ஊட்டுத் தளம் மட்டும் கிடந்த. வயலின்ட பெட்டி மரத்தில தொங்கின எண்டு ஆரோ சொன்ன, நான் காணல்ல.” அவர் மெசினின் சக்கரத்தை மெல்ல உருட்டினார். “நாங்க பள்ளிக்கூடத்தில அகதியா இருந்த. ஊட்டுக்குள்ளயும் கடல். என்ட தங்கச்சி ஹஸீனாவ மூண்டாம் நாள்தான் அடக்கின. பதினஞ்சாம் நாள் போல நல்லா சைக்கிள்ள வாறான். ‘உசனார், வா, பொனிக்கு வாசிப்பம்’ எண்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில பேசிப்போட்டன் மாஸ்டர். ‘மூளை பிசகிட்டா ஒனக்கு? ஊரே மையத்தாக் கிடக்கு. பெல்பொட்டம் பாடினா செருப்பால அடிப்பாங்க’ எண்டன். அவன் சைக்கிளத் திருப்பிக்கிட்டுப் போன.”

“பிறகு?”

“பிறகென்ன. செக்பொயின்ட். கதிரவெளிப் பக்கம் செல்லடி. அந்தச் சனம் எல்லாம் ஓடிவந்து ரோட்டில கிடக்கக்குள்ள ஆரு பாட்டுக் கேட்கிற? இண்டைக்கு நாளைக்கு எண்டு போய், இப்ப அவனும் போயிட்டான். ரெண்டு பேரிட பாட்டும் என்ட கழுத்தில கிடக்கு. நானும் போனா வாசிக்க ஆள் இல்ல.”

2005 தையில் அறுபது கல்வெட்டு எழுதியவன் நான். செய்யுள் ஒன்றுதான், பெயரும் ஊரும் மட்டும் மாறும். அச்சகத்தில் எழுத்துக் கோத்தபடியே இருக்கும், பெயரை மட்டும் கழற்றி மாட்டுவார்கள். பொனிக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. பத்திரிகையில் வந்த பெயர்ப்பட்டியலில் அரை வரி. ஒரே இசைக்குழுவில் இரண்டு சாவு, இடையில் நாலரை வருஷம். ஒருவருக்கு அரை வரி, மற்றவருக்கு நாற்பத்தொரு பேச்சாளர். மெட்டுப் போட்டவருக்கு அரை வரி என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு உசனாரின் மகன் றிஸான் உள்ளே வந்தார். கட்டாரில் வேலை, விடுமுறையில் வந்திருந்தார். முப்பது வயது, தாடி, மரியாதையான ஆள். எனக்கு ஸலாம் மாதிரித் தலையசைத்துவிட்டுப் பொங்கோஸைக் கண்டார்.

“வாப்பா, திரும்பவும் அதையா எடுத்த? மார்க்கத்தில இசைக்கருவி கூடாதெண்டு எத்தின தரம் சொல்லியாச்சு.”

“வாக்குக் கொடுத்திட்டு வாக்கு மாறுற கூடுமா?”

றிஸான் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அது எனக்குப் பிடித்தது. உதயரூபனிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் கேள்விக்கு முன்பே வந்து காத்துக்கொண்டிருக்கும்.

“ஒரு பக்கம் தோல் கட்டின கைறபான் எண்டா, அதுவும் கலியாணத்துக்கு எண்டா, தட்டலாம் எண்டு சொல்றாங்க” என்றார் கடைசியில். “செத்த ஊட்டுக்கு இல்ல.”

“டேய், பாட்டே ஒரு மாப்பிள்ளையப் பத்தினதுதானே!”

றிஸான் சிரிப்பை அடக்கப் பார்த்தார். தாடிக்குள் அடங்கவில்லை. “சேர், இவரோட கதைச்சு வெல்ல ஏலா” என்றார் என்னிடம்.

திரும்பும் வழியில் நேரே உதயரூபன் வீட்டுக்குப் போனேன். முப்பத்தோராம் நாள் உசனாருக்கு இரண்டு நிமிஷம் வேண்டும் என்றேன்.

“என்ன செய்வார்?”

“றபான் தட்டிப் பெல்பொட்டம் பாட—”

“மாஸ்டர்! பிரதம அதிதி கொழும்பிலிருந்து வாறார். மாகாணமே திரும்பிப் பாக்கப்போகுது. என்ன கதைக்கிறீங்க?”

“நல்லா அண்ணனுக்கு அவர் கொடுத்த வாக்கு.”

“செத்த ஆளுக்குக் கொடுத்த வாக்க அந்த ஆள் எழும்பி வந்து கேட்க மாட்டார்” என்றார். பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. முகம் மலர்ந்தது. “ஒண்டு செய்யலாம். நீங்க கல்வெட்டு வாசிக்கக்குள்ள அவர் பக்கத்தில இருக்கட்டும். தொப்பியோட. றபானையும் மடியில வெச்சிருக்கட்டும். முஸ்லிம் சகோதரர் மேடையில இருக்கிறது படத்துக்கு நல்லம். வேணுமெண்டா மெல்லத் தட்டட்டும், தாளத்துக்கு.”

“தாளத்துக்குத் தட்டலாமா?”

“மெல்ல.”

அந்த ‘மெல்ல’வை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செய்யுள் எழுத இருந்தால் வரவில்லை. அறுபது பேருக்கு எழுதிய பழைய விருத்தத்தில் நல்லாவின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையை அவருக்குப் போட்டது போல இருந்தது. கிழித்தேன். இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். மூன்றாம் நாள் ஒரு வரி தானாக வந்தது. அடுத்ததும் வந்தது. நாலாவது வரிக்குப் போனபின்தான் என் கால் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கவனித்தேன்.

சொல்லுக்குள் நில்லாத சோகத்தை – யார்க்குச்
சொல்லிநாம் நெஞ்சத்தை ஆற்றுவோம்
கல்விக்கும் கலைகட்கும் காவலன் போனான்
காலமெல்லாம் புகழ் போற்றுவோம்

பார்வைக்கு இதைவிடச் சோகமான கல்வெட்டு கிடையாது. வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும், தோணி எந்தப் பக்கம் ஆடுகிறதென்று. எல்லாம் அந்தக் கடைசி வரியிலேயே முடிகிற பன்னிரண்டு பாட்டு எழுதினேன். ஐந்து பட்டத்தையும் ஒரே பாட்டில் அடுக்கினேன். உதயரூபன் சிவப்புப் பேனையோடு இருந்து முழுவதையும் படித்தார். வாய் அசையாமல் படித்தார். அவர் எதையும் அப்படித்தான் படிப்பார். பட்டம் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கண் போதும். எட்டாம் பாட்டில் ‘சமூகசோதி’ என்று ஆறாவது பட்டம் ஒன்றைச் செருகினார். அது தாளத்தில் இடறியது. ‘சமூகத்தின் சோதி’ என்று விரித்து நிமிர்த்தினேன்.

“உருக்கமா வந்திருக்கு மாஸ்டர்” என்றார்.

முப்பத்தோராம் நாள் காலைக் கிரியைகள் முடிந்து பந்தலில் முந்நூறு பேர். அமுதுக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடிந்துகொண்டிருந்தது. பிரதம அதிதி முன்வரிசையில். அறுபது வயது ஆள், இறுகிய முகம். அந்தச் சால்வைப் படத்துக்கு முன்னால் பாய் விரித்து என்னை இருத்தினார்கள். வலதுபக்கம் சீதேவிப்பிள்ளை அக்காவும் பெண்களும். இடதுபக்கம் உசனார் காக்கா, மடியில் றபான். படம் எடுக்கிறவன் அவரையே மூன்று தரம் எடுத்தான். றிஸானை உள்ளே கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று சொல்லிப் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்துவிட்டார்.

அக்காவை அன்றைக்குத்தான் கிட்டவிருந்து பார்த்தேன். ஒரு மாதமாக அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் உட்பட. உசனாரின் கை றபானின் விளிம்பில் இருந்தது.

“மாஸ்டர்” என்றார் மெதுவாக, “பாடமாட்டீங்க, வாசிப்பீங்க, அப்படித்தானே?”

“ஓம் காக்கா. நீங்க தாளத்துக்குத் தட்டுங்க.”

“என்ன தாளம்?”

“ஒங்களுக்குத் தெரிஞ்சதுதான்.”

அவருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அவர் பயந்துவிடுவார், அல்லது றிஸானிடம் கேட்கவேண்டும் என்பார்.

முதல் பாட்டை முறைப்படி இழுத்து, விருத்தம் போல வாசித்தேன். பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. உதயரூபன் கண்ணை மூடித் தலையாட்டினார். இரண்டாம் பாட்டைக் கொஞ்சம் வேகமாக எடுத்தேன். “சொல்லுக்குள் நில்லாத” என்று நான் தொடங்கி ‘சோகத்தை’க்கு வருவதற்குள், உசனார் காக்காவின் கழுத்து என் பக்கம் திரும்பியது. ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு விரல் விழுந்தது.

நாற்பது வருஷத்துக் கை. ‘மெல்ல’ என்பது அந்தக் கைக்குத் தெரியாது.

பின்வரிசையில் கரடியனாற்றிலிருந்து வந்திருந்த கிழவர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்றாம் பாட்டில் சமையற்கட்டிலிருந்து அகப்பையோடு ஓர் ஆள் எட்டிப் பார்த்தான். நாலாம் பாட்டில் பந்தல் முழுக்கக் கால் அசைந்தது, முகங்கள் மட்டும் துக்கமாகவே இருந்தன. அப்படியொரு காட்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை. உதயரூபன் கண்ணைத் திறந்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். எழுத்து எழுத்தாக நான் அதில் உள்ளதைத்தான் வாசித்தேன். அவர் அனுமதித்த எழுத்து, அவர் செருகிய சோதி. எழும்புவதா இருப்பதா என்று அவர் முழிக்கையில், பக்கத்தில் பிரதம அதிதியின் வலதுகை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இறுகிய முகம் எங்கேயோ எழுபத்தைந்தாம் ஆண்டில் கழன்று விழுந்திருந்தது. அதைக் கண்டதும் உதயரூபனும் பெரிய ஞானம் பெற்றவர் போலத் தலையை ஆட்டத் தொடங்கினார். தாளம் பிசகி.

ஐந்தாம் பாட்டின் கடைசி வரியில் எனக்கு மூச்சு முட்டியது. “காலமெல்லாம்” என்பதற்கு முன் ஓர் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளிக்குள் வலதுபக்கத்திலிருந்து ஒரு குரல், சளி பிடித்த, பழகாத குரல், எழும்பி வந்தது:

“கூனி வடிக்கலாம் வாருங்கோ.”

சீதேவிப்பிள்ளை அக்கா. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பக்கத்துப் பெண்கள் அவர் அழுகிறார் என்று நினைத்துக் கட்டிப்பிடித்தார்கள். அவர் கையை விலக்கினார். சிரிப்பு. கண்ணீர் வழிய வழியச் சிரிப்பு. “என்ர கலியாணத்துக்கு அந்தக் கோதாரியப் போட்டுக்கிட்டுத்தான் வந்தவர் கா” என்றார் அவர்களிடம். “தோணியால இறங்கக்குள்ள தடக்கி விழுந்தவர்.”

அதற்குப் பிறகு என் கல்வெட்டை யாரும் கேட்கவில்லை. முந்நூறு பேரும் பழைய நாலு வரியையே பாடினார்கள். கையில் விரித்த புத்தகத்தோடு பாடினார்கள். படத்தில் பார்த்தால் கல்வெட்டு வாசிப்பதுபோலத்தான் இருக்கும். ஒரு தரம் முடிந்தது. உசனார் காக்கா நிறுத்தவில்லை. தோளை நிமிர்த்தி, வயலின்காரன் தொடங்குவதற்காகக் காத்திருப்பவர் போலத் தனியாக நாலு தட்டுத் தட்டிவிட்டு, இரண்டாம் தரம் எடுத்தார். சனமும் கூடவே எடுத்தது. முடிந்ததும் றபானின் முகத்தில் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை அணைத்தார்.

“போதும் மாஸ்டர்” என்றார்.

மீதி ஏழு பாட்டையும் நான் வாசிக்கவில்லை. ஆறு பட்டமும் அதற்குள்தான் இருந்தன.

பிரதம அதிதி பேசும்போது, இது இனங்களின் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டான நிகழ்ச்சி என்றார். உதயரூபன் பேசும்போது, கல்வெட்டு மரபில் புதுமை செய்யவேண்டும் என்ற தன்னுடைய நெடுநாள் எண்ணம் நிறைவேறியதாகச் சொன்னார். பாட்டைச் சொன்னவர் ஒரு தையல்காரர் என்றோ, மெட்டுக்காரர் கடலோடு போனவர் என்றோ யாரும் சொல்லவில்லை. அதை நான் வரலாற்றுப் பகுதியில், பக்திக் கெசட்டுக்கும் கண்ணகை அம்மனுக்கும் நடுவில், இரண்டு வரியில் எழுதியிருந்தேன். சிவப்புப் பேனை அதைக் கவனிக்கவில்லை. அதில் பட்டம் எதுவும் இல்லை.

சீதேவிப்பிள்ளை அக்கா உசனாருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். “பொனிக்கும் சேத்துத்தானே?” என்று அவர் கேட்டதும், இவர் “ஓம் தங்கச்சி” என்றதும் மட்டும் என் காதில் விழுந்தது.

நான் காக்காவைப் படலைவரை கூட்டிக்கொண்டு போனேன். றிஸான் மோட்டார் சைக்கிளை நிமிர்த்தினார். தகப்பனின் கையிலிருந்த பையை வாங்கிக் கைபிடியில் தொங்கவிட்டு, அது ஆடாமல் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சேர், ரெண்டு தரம் அடிச்ச மாதிரிக் கேட்ட?”

“ஓம் தம்பி.”

“கலியாணத்துக்கு மட்டுந்தான் எண்டு சொன்னேனே.”

“ரெண்டு மாப்பிள்ளை” என்றேன்.

அவர் தகப்பனைப் பார்த்தார். உசனார் காக்கா பின்சீற்றில் ஏறிச் சாரத்தைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

“சரி, புடிச்சு இருங்க வாப்பா” என்றார் றிஸான், “காத்து அடிக்குது.”